வீட்டில் சமஸ்கிருதம் பேசலாம் என்று இறங்குவதற்கு முன்

வீட்டுக்குள் சமஸ்கிருதம் மட்டும்தான் என்று முடிவெடுத்து, மூன்று வருஷமும் இரண்டு மாதமும் கழித்து அதைக் கைவிட்டோம். செலவுக் கணக்கு சுமார் 31,000 ரூபாய். கட்டண இணைய வகுப்பு ஒன்றுக்கு 18,000, புத்தகங்களுக்கு 6,500, முகாம், பயணம் என்று அலைந்தது 6,500. பணம் போனது போகட்டும். மூன்று வயதுப் பையன், நான் பக்கத்தில் வந்தாலே பேச்சை நிறுத்திவிட்டு அம்மா பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தான். அதுதான் இன்னும் உறுத்துகிறது. சமஸ்கிருதம் மறுபடி பேச்சுமொழியாகுமா என்று சண்டை போடுபவர்களில் ஒரு கட்சி அதைச் செத்த மொழி என்கிறது. இன்னொரு கட்சி கம்ப்யூட்டருக்கே அதுதான் உகந்தது என்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் சாயங்காலம் ஏழு மணிக்கு அடுப்படியில் நின்று “குக்கரை இறக்கு” என்று அதில் சொல்லிப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. சொல்லிப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் படி எல்லோருக்கும் ஒன்றுதான், பத்து நாள் சம்பாஷண முகாம், அதாவது பேச்சுப் பயிற்சி முகாம். தினம் இரண்டு மணி நேரம், மொத்தம் 20 மணி. 1981-இல் பெங்களூரில் தொடங்கிய முறை. இன்று சமஸ்கிருதப் பேச்சைப் பரப்பும் சம்ஸ்கிருத பாரதி என்ற அமைப்பு பல ஊர்களில் நடத்துகிறது, காசு பெரும்பாலும் கிடையாது அல்லது பேருக்குத்தான். தயங்காமல் போகலாம். ஆசிரியர் எதையும் மொழிபெயர்க்க மாட்டார். பேனாவைத் தூக்கிக் காட்டி “ஏதத் கிம்?” என்பார், பையனைக் காட்டி “ஏஷ: க:?” என்பார், பெண்ணைக் காட்டி “ஏஷா கா?” என்பார். மூன்றாம் நாள் நமக்கே வாய் வந்துவிடும். இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் குறையும். முகாமில் மொழியைப் பாதியாக மடித்துக் கொடுக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இரண்டு பொருளுக்கும் மட்டும் வரும் இருமை வடிவத்தை முடிந்தவரை தொடுவதில்லை. “த்வம்” என்னும் முன்னிலைக்குப் பதில் “பவான்”, “பவதீ” என்று படர்க்கை வினை போட்டுப் பேசச் சொல்கிறார்கள், அதனால் முன்னிலை வடிவங்கள் முழுக்கப் போய்விடும். இறந்தகாலத்துக்கு “அகச்சத்” மாதிரியான வடிவங்கள் வேண்டாம், “கதவான்” (போனான்), “கதவதீ” (போனாள்) போதும். ஒரு வினைக்கு நிகழ்காலத்தில் நாலு, எதிர்காலத்தில் நாலு, ஏவலில் நாலு, இறந்தகாலத்தில் நாலு, ஆக 16 வடிவம். கூடவே “போய்” என்பதற்கு “கத்வா”, “போக” என்பதற்கு “கந்தும்”. இந்தப் பதினெட்டை நாற்பது வினைகளுக்குப் பழக்கினால் சாப்பாடு, வேலை, போக்குவரத்து எல்லாம் பேசலாம். இருபது மணி நேரத்தில் இவ்வளவு என்றால் இருநூறு மணி நேரத்தில் எங்கேயோ போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். தப்புக் கணக்கு. மலிவான பகுதி முதல் இருபது மணியிலேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்து செய்த தப்பு 18,000 ரூபாய்த் தப்பு. முகாம் முடிந்த சூட்டில், “முழு இலக்கணம்” என்ற பேரில் வந்த வகுப்பில் சேர்ந்தேன். எட்டு மாதம் சப்த ரூபங்கள், அதாவது பெயர்ச்சொல் வடிவ அட்டவணைகள். ஒரு பெயர்ச்சொல்லுக்கு எட்டு வேற்றுமை, மூன்று எண், மொத்தம் 24 வடிவம். ஒப்பிப்பதற்கு நன்றாகவே இருக்கும், காதுக்கும் சுகம். ஆனால் “ராமேண” என்று ஒப்பித்தவனுக்குக் கரண்டியால் கிளறு என்று சொல்ல வேண்டிய நேரத்தில் “ராம: ராமௌ ராமா:” என்று மேலிருந்து இறங்கி வந்தால்தான் மூன்றாம் வேற்றுமை கிடைக்கிறது. அதற்குள் அடிபிடித்துவிடும். பேச்சுக்கு வேண்டியது நாலே அச்சு: ராம, பல, லதா, நதீ. அதிலும் ஒருமை, பன்மை மட்டும். மற்றபடி அஹம், பவான், ஸ:, ஏஷ:, க: ஆகிய பிரதிப்பெயர்கள். அட்டவணையாக வேண்டாம், வாக்கியமாகப் பழக வேண்டும். தினம் பத்து வாக்கியம், ஒரே வேற்றுமை, பத்து வேறு பொருள்.

நாலு அச்சில் அடங்காத சொற்கள் வீட்டுக்குள் நிறைய உண்டு. அவற்றோடு மல்லுக்கு நிற்காமல் பக்கத்துச் சொல்லுக்குத் தாவுவதுதான் சாமர்த்தியம். தண்ணீருக்கு “ஆப:” என்ற சொல் எப்போதும் பன்மையில், பெண்பாலில் வரும், “ஜலம்” என்று போய்விடுங்கள். வழிக்கு “பந்தா:” வேண்டாம், “மார்க:” போதும். நண்பனுக்கு “ஸகா” என்று ஆரம்பித்தால் “ஸகாயம்”, “ஸக்யா” என்று வழுக்கிக்கொண்டே போகும், “மித்ரம்” ஆணும் பெண்ணும் இல்லாத நபும்சகப் பாலாக இருந்தாலும் சொன்னபடி கேட்கும். மனைவிக்கு “தாரா:” என்று ஒரு சொல் இருக்கிறது, ஆண்பால், பன்மை. “பத்னீ” என்றால் நதீ மாதிரி நடக்கும், வீட்டிலும் நிம்மதி. தப்பிக்க முடியாத ஒன்று தயிர். “ததி” என்பது மூன்றாம் வேற்றுமையில் “ததினா” என்று வராது, “தத்நா” என்றுதான் வரும். தமிழ் வீட்டில் தினம் ராத்திரி தேவைப்படும் சொல், இதை மட்டும் உருப்போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்து விஷயத்தில் பலரும் சோம்பல்படுகிறோம். தமிழ் எழுத்திலேயே எழுதிப் படித்துவிடலாம் என்று நினைப்பது பின்னால் ஆறு மாதத்தைக் காவு வாங்கும். பாட்டி சொல்வதும் கதை, அனுமார் கையில் இருப்பதும் கதை. சமஸ்கிருதத்தில் இரண்டும் வேறு எழுத்து, வேறு ஒலி. நாம் சாப்பிடும் ஆகாரமும் வட்டாகாரத்தில் வரும் ஆகாரமும் அப்படித்தான். “அர்த்தம் தெரியவில்லை” என்பதில் உள்ள அர்த்தம் ஒன்று, அர்த்தராத்திரியில் உள்ள அர்த்தம் இன்னொன்று. க-வின் தலைமேல் 2, 3, 4 என்று எண் போட்ட தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. கண்ணுக்கு உதவும், பேசும்போது வாய்க்கு எண் ஏது? தேவநாகரி தினம் ஒரு மணி வீதம் பதினைந்து நாளில் வந்துவிடும், சமஸ்கிருதம் எழுதத் தமிழ்நாட்டில் வழங்கிய கிரந்த எழுத்து தெரிந்தவர்களுக்கு அந்த எழுத்தே போதும். அதோடு முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் எதிரே உட்கார்ந்து க, க்ஹ, க, க்ஹ என்று நம் வாயைத் திருத்த வேண்டும். (இந்த வரியையே பாருங்கள், நாலு வேறு ஒலியை எழுதப் பார்த்தேன், தமிழில் இரண்டாகத்தான் வந்திருக்கிறது.) பின்னால் திருத்துவது கஷ்டம். எனக்கு இன்னும் “காததி” (சாப்பிடுகிறான்) என்பதில் உள்ள முதல் எழுத்தின் மூச்சு சரியாக வருவதில்லை.

தமிழர்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. வாக்கிய அமைப்பு நம்முடையது மாதிரியே ஓடும். “என்று” போடும் இடத்தில் “இதி”. “உம்” போடும் இடத்தில் “அபி”. வினையெச்சத்தை அடுக்கிக்கொண்டே போகும் நம் பழக்கம் அப்படியே செல்லும்: “ஆபணம் கத்வா, சாகம் க்ரீத்வா, க்ருஹம் ஆகத்ய” என்றால் கடைக்குப் போய், காய் வாங்கி, வீட்டுக்கு வந்து. இதில் ஒரு குழி உண்டு. முன்னொட்டு இருந்தால் “த்வா” வராது, “ய” வரும். கத்வா சரி, ஆகத்வா தப்பு, ஆகத்ய. நீத்வா சரி, கொண்டுவந்து என்றால் ஆனீய. உட்கார்ந்து உபவிச்ய, எழுந்து உத்தாய. இன்னொரு குழி இன்னும் ஆழம். தமிழில் “மழை பெய்து பயிர் விளைந்தது” என்போம், பெய்தது ஒன்று, விளைந்தது வேறொன்று. சமஸ்கிருதத்தில் இரண்டு செயலுக்கும் ஒரே ஆள் இருந்தால்தான் இந்த வடிவம், சமஸ்கிருத இலக்கணம் வகுத்த பாணினி 3.4.21 சூத்திரத்தில் இதைக் கட்டி வைத்திருக்கிறார். “எனக்குப் பிடிக்கும்” என்பதற்கு “மஹ்யம் ரோசதே” என்று நம் நான்காம் வேற்றுமை அப்படியே கைகொடுக்கும், அதே தைரியத்தில் “எனக்குத் தெரியும்” என்பதற்கும் மஹ்யம் போட்டால் சிரிப்பார்கள், அது “அஹம் ஜாநாமி”. சந்தி பற்றிப் பயம் வேண்டாம். ஒரு சொல்லுக்குள்ளும், முன்னொட்டோடும், சமாசம் என்னும் தொகைச்சொல்லிலும்தான் சந்தி கட்டாயம், வாக்கியத்தில் சொற்களுக்கு இடையே சேர்ப்பதும் விடுவதும் பேசுகிறவர் விருப்பம் என்று மரபிலேயே சொல்லியிருக்கிறது. பேச்சில் பிரித்தே பேசுங்கள்.

அன்றாட வாழ்க்கையில் மொழி சிக்கிக்கொள்ளும் இடம் எண்கள். ஒன்றிலிருந்து நாலு வரை பால் பார்த்து மாறும். மூன்று என்பதற்கு த்ரய:, திஸ்ர:, த்ரீணி. நாலுக்கு சத்வார:, சதஸ்ர:, சத்வாரி. இரண்டு என்றால் இருமை வேறு வந்து நிற்கும். தட்டில் நாலு இட்லி வைப்பதற்குள் இட்லி ஆணா பெண்ணா என்று யோசிக்க வேண்டும். இதற்கு அழகான குறுக்குவழி இருக்கிறது: த்வயம், த்ரயம், சதுஷ்டயம் என்று பின்னால் ஒட்டிவிடுவது. “இட்லீ-சதுஷ்டயம்” என்றால் பால் பிரச்சினையும் இல்லை, இருமையும் இல்லை. ஐந்துக்கு மேல் தொல்லை கிடையாது. இரட்டை இலக்கம் வந்தால் வேறு தொல்லை, சின்ன இலக்கம் முன்னால் வரும். நாற்பத்தைந்து என்பது பஞ்சசத்வாரிம்சத், அதாவது ஐந்துநாற்பது. காதில் 54 என்று விழும். கணக்கு, போன் நம்பர் எல்லாம் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வதே உத்தமம். மணி சொல்வதில் ஒரு மணி நேரமே தவறும். ஒன்பதேகால் ஸபாத-நவவாதனம், ஒன்பதரை ஸார்த-நவவாதனம், இதுவரை நம் வழி. ஒன்பதே முக்கால் என்பது பாதோன-தசவாதனம், பத்துக்குக் கால் குறைவு. அதில் “தச” காதில் விழுந்ததும் தமிழ்க்காரர் பத்தே முக்கால் என்று எடுத்துக்கொள்வார். முகாமுக்குப் பஸ்ஸைத் தவறவிட்டது அப்படித்தான்.

நமக்குத் தெரிந்த வடசொற்களை நம்பி இறங்குவதும் ஆபத்து. அவசரம் என்றால் தமிழிலும் கன்னடத்திலும் பரபரப்பு, தெலுங்கில் தேவை, சமஸ்கிருதத்தில் வாய்ப்பு. அவசரத்துக்கு அங்கே “த்வரா”. கல்யாணம் என்றால் மங்கலம், நாம் சாப்பிடப் போவது “விவாஹ:”. சம்சாரத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். வாரம் என்றால் கிழமை, ஏழு நாளுக்கு “ஸப்தாஹ:”. சேஷ்டை பையன் செய்யும் குறும்பு என்று நினைப்போம், வடக்கே இருந்து வந்தவர் அதை முயற்சி என்று பாராட்டிவிட்டுப் போவார். எல்லா இந்திய மொழியிலும் சமஸ்கிருதச் சொல் இருப்பதால் பேச்சு சுலபமாகப் புரியும் என்பார்கள். சொல் புரிகிறது, ஆளாளுக்கு வேறு மாதிரி புரிகிறது.

சொல்லாக்கத்தைப் பற்றிப் பேசும்போது பதஞ்சலி ஞாபகம் வராமல் போகாது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், பாணினி இலக்கணத்துக்கு எழுதிய மகாபாஷ்யம் என்ற உரையில் சொல்கிறார்: குடம் வேண்டுபவன் குயவன் வீட்டுக்குப் போய்ச் செய்து கொடு என்று கேட்பான், சொல் வேண்டுமென்று யாரும் இலக்கணக்காரர் வீட்டுக்குப் போய்க் கேட்பதில்லை. பேசும் மொழி என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. இன்றைக்கு நாம் செய்வது இலக்கணக்காரர் வீட்டு வாசலில் நிற்பதுதான். செல்போனுக்கு ஜங்கமதூரவாணீ என்கிறார் ஒருவர், சலதூரவாணீ என்கிறார் இன்னொருவர், சரதூரவாணீ என்றும் உண்டு. ஆறேழு அசை. “என் போன் எங்கே?” என்று தேடும் அவசரத்தில் நாக்கு “போன்” என்றுதான் சொல்லும், அதைத் தடுப்பது வீண். ஒரு வருஷம் நோட்டுப் புத்தகத்தில் புதுச்சொல் எழுதி எழுதிப் பார்த்தபின் கைக்கொண்ட விதி இது: சமையல் சொற்களில் பழக்கத்துக்கு வந்துவிட்டவை இருக்கின்றன, சாம்பாருக்கு “க்வதிதம்”, ரசத்துக்கு “ஸார:”, மோருக்கு “தக்ரம்”, வெங்காயத்துக்கு “பலாண்டு:”, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள்களுக்கு வேற்றுச்சொல்லை அப்படியே உள்ளே விடுங்கள். ஈ-யில் முடிந்தால் நதீ மாதிரி வேற்றுமை போடலாம், மிக்ஸீ அற்புதமாகப் பொருந்தும். மற்றதற்கு அம் போட்டு நபும்சகமாக்குங்கள், டீக்குச் சாயம், குக்கருக்குக் குக்கரம் என்று. பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள். மிக்ஸி ஓடுகிற வீட்டில் அவர்கள் இல்லை.

பொருளுக்குச் சொல் இல்லாதது சமாளிக்கக்கூடிய குறை. குழந்தையோடு பேசத் தொடங்கும்போதுதான் பெரிய பள்ளம் தெரியும். மம்மு, பாச்சி, சாச்சுக்கோ, அச்சச்சோ, போடா கண்ணா, ஐயோ கொல்றியே, இந்த அடுக்கு முழுக்க சமஸ்கிருதத்தில் காலி. தேடினால் பழைய இலக்கியத்திலும் கிடைக்காது, அதற்கும் காரணம் இருக்கிறது. சமஸ்கிருத நாடகங்களில் அரசனும் அந்தணனும் சமஸ்கிருதம் பேசுவார்கள். ராணி, தோழி, வேலைக்காரர், மீனவர் எல்லோரும் பெரும்பாலும் பிராகிருதம்தான். அந்தக் காலத்திலேயே அடுப்படியும் தொட்டிலும் வேறு மொழியில் இருந்திருக்கின்றன. ஆக, நாம் மீட்கப் பார்ப்பது எழுத்தில் பதிவே ஆகாத ஒரு பேச்சை. கொஞ்சுவதற்குத் தமிழுக்கு ஓடி, கட்டளையிடுவதற்கு மட்டும் சமஸ்கிருதத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன் என்பது ஒன்றரை வருஷம் கழித்துத்தான் உறைத்தது. பையன் காதில் அது உத்தரவு போடும் மொழி. “உபவிசது” (உட்கார்), “கச்சது” (போ), “மா கரோது” (செய்யாதே), இதையே நாள் முழுக்கக் கேட்டால் யாருக்குத்தான் பேசத் தோன்றும்?

வழக்கொழிந்து மறுபடி பேச்சுமொழியான யூதர்களின் ஹீப்ருவை உதாரணம் காட்டாதவர் இல்லை. அதை மீட்கப் பாடுபட்ட எலியேசர் பென் யெஹூதா 1881-இல் பாலஸ்தீனத்தில் வந்திறங்கி, 1882-இல் பிறந்த மகனை ஹீப்ரு தவிர வேறு சொல் காதில் விழாமல் வளர்த்தார் என்பது வரை எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பையன் வெகு தாமதமாகத்தான் வாய் திறந்தான் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு வீட்டால் மொழி பிழைக்கவும் இல்லை. ரஷ்யாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஏமனிலிருந்தும் வந்த யூதர்கள் எல்லோருக்கும் பொதுவாக வேறு மொழி இல்லை. குடியேற்றங்களின் பள்ளிகளும் பாலர் பள்ளிகளும் பிள்ளைகளை ஹீப்ருவில் விளையாட விட்டன. அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். 1922-இல் அது அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. நம் கதை இதற்கு நேர் எதிர். சமஸ்கிருதம் பேசும் இருவரை எடுத்தால் பெரும்பாலும் அவர்களுக்குள் தமிழோ கன்னடமோ ஹிந்தியோ ஆங்கிலமோ ஏற்கெனவே ஒன்று இருக்கும். அப்பாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று தெரிந்த மூன்று வயதுக் குழந்தையை ஏமாற்ற முடியாது. சமஸ்கிருதத்தில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும், புரிகிறது என்பது தெரியும், வாயில் வராது. இதில் கோபப்பட்டது என் தப்பு. பாலர் பள்ளி சேர்ந்த பிறகு தமிழே கன்னடத்தோடும் ஆங்கிலத்தோடும் போட்டி போட வேண்டியிருந்தது.

“அப்படியென்றால் மத்தூர்?” என்று கேட்பீர்கள். பெங்களூரிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி சிவமொக்கா, அதிலிருந்து சில கிலோமீட்டரில் துங்கை ஆற்றங்கரையில் ஊர். சமஸ்கிருத கிராமம் என்று எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து பேர். போய்ப் பார்ப்பது நல்லது, எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டு போக வேண்டும். அங்கே சமஸ்கிருதம் பேசத் தெரிந்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், கேட்டால் பதில் வரும். ஆனால் ஊரின் பெரும்பகுதியான சங்கேதி குடும்பங்களின் வீட்டுமொழி சங்கேதி. பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழ்ப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்தவர்களின் பேச்சு அது, தமிழோடு உறவுள்ளது, கன்னடம் கலந்தது. சமஸ்கிருதம் கேட்கப் போன தமிழன் காதில் தூரத்துச் சித்தப்பா வீட்டுப் பேச்சு மாதிரி ஒன்று விழும். மக்கள்தொகைக் கணக்கைக் காட்டுபவர்களிடமும் சற்று நிதானம் வேண்டும். சமஸ்கிருதம் தாய்மொழி என்று பதிந்தவர்கள் 1981-இல் 6,106, 1991-இல் 49,736, 2001-இல் 14,135, 2011-இல் 24,821. பத்து வருஷத்தில் எட்டு மடங்காகி அடுத்த பத்து வருஷத்தில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போவது பிள்ளை பெற்று வளர்க்கும் தாய்மொழியின் நடை இல்லை. அது கணக்கெடுப்பவரிடம் சொல்லும் பெருமை. உத்தராகண்டில் 2010 முதலும் ஹிமாசலத்தில் 2019 முதலும் அது இரண்டாம் ஆட்சிமொழி. ஆகாசவாணியில் 1974 முதல் செய்தி, மைசூரில் 1970 முதல் நாளிதழ். எல்லாம் மதிக்க வேண்டிய உழைப்பு. தக்ரம் கேட்கும் வாய் இவற்றிலிருந்து வராது.

வாராந்தரக் கூட்டம் ஒன்றுக்கு இரண்டு வருஷம் போனோம். நாலு குடும்பம். கொஞ்ச நாளில் கவனித்தது, நாங்கள் சமஸ்கிருதத்தில் பேசிய விஷயம் பெரும்பாலும் சமஸ்கிருதத்தின் மகிமை. குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் எல்லோரும் கன்னடம். அந்த ஆளோடு பேச முடியாத மொழி அன்றாட மொழி ஆகாது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: நாலு குடும்பமும் ஏறக்குறைய ஒரே வகைக் குடும்பம். நூற்றாண்டுக் கணக்கில் பலரைப் படிக்கவிடாமல் தள்ளிவைத்த மொழியை இப்போது ஏன் யாரும் வந்து பேசவில்லை என்று கேட்க நமக்கு வாய் கிடையாது. உண்மையிலேயே தேவைக்காக இது பேசப்படும் இடம் உண்டென்றால் உண்டுறைச் சமஸ்கிருதக் கல்விநிலையங்கள்தான். ஒடிசா மாணவனும் கேரள மாணவனும் ஒரே அறையில் இருந்து, பொதுவாக வேறு மொழி சரியாக அமையாதபோது, பக்கெட் யாருடையது என்ற சண்டைகூட அதில் நடக்கும். அங்கேயும் ஹிந்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டும் செய்து பார்க்கத் தோன்றினால், இப்படிச் செய்யுங்கள். நாள் முழுக்க என்ற சபதம் வேண்டாம். ஒரு வேளை, ஒரு இடம், ஒரு வேலை. எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு, எட்டரை முதல் ஒன்பது. சாப்பாட்டுக்கு வேண்டிய சொற்கள் எண்பதுக்கு மேல் போகாது, மூன்று வாரத்தில் தட்டுத்தடங்கல் போய்விடும். அது நிலைத்தபின்தான் இரண்டாவது வேளை. அந்த அரை மணியில் திருத்தக் கூடாது. பையன் “ததினா” என்றால் “தத்நா வா?” என்று நாம் சரியாகச் சொல்லிக்கொண்டே பரிமாற வேண்டும், அவ்வளவுதான். ஒரு கட்டளைக்குக் குறைந்தது இரண்டு கேள்வியாவது இருக்க வேண்டும். தமிழை அந்த வேளைக்கு வெளியே தாராளமாகப் பேசுங்கள், கொஞ்சலுக்கும் அழுகைக்கும் எப்போதும் தமிழ். வேறு குடும்பத்தோடு கூடினால் உட்கார்ந்து பேசாமல் ஏதாவது செய்யுங்கள், சேர்ந்து சமைக்கலாம், சீட்டாடலாம். சீட்டாட்டத்தில் எண்கள் தானாகச் சரியாகும். பக்கத்தில் இப்படி இன்னொரு குழந்தை இல்லையென்றால் குழந்தை திருப்பிப் பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள். காதில் விழட்டும், போதும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, நூல் படிக்கும் ஆசையில் பேச வருபவர்களுக்கு. இரண்டு வருஷம் சரளமாகப் பேசிவிட்டு வால்மீகி ராமாயணத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே தலை சுற்றியது. போனான் என்பதற்கு “கதவான்” தெரியும், “ஜகாம” தெரியாது. ஆனான் என்பதற்கு “அபவத்” அரைகுறை, “பபூவ” என்றால் என்னவென்றே தெரியாது. இருமை, செயப்பாட்டுவினை, நீளச் சமாசம் என்று மடித்து வைத்த பாதி முழுக்க அங்கேதான் விரிந்து கிடந்தது. பேச்சு வீணா என்றால் இல்லை, வாக்கியம் காதில் ஓடிப் பழகியிருந்ததால் அந்தப் பாதியைப் படிக்க ஒன்பது மாதம்தான் ஆனது, பேசாமல் அட்டவணை மட்டும் படித்தவர்கள் அதே வகுப்பில் திணறினார்கள். ஆனால் அந்த ஒன்பது மாதத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முகாம் பேச்சு தானாக அங்கே கொண்டுபோய் விடாது.

பையனுக்கு இப்போது ஏழு வயது. போன வாரம் ராத்திரி குக்கர் நாலாவது விசில் அடித்ததும் ஹாலிலிருந்தே “குக்கரம் அவதாரயது” என்று கத்தினான். பிறகு உள்ளே வந்து தமிழில் கேட்டான், பெருமாள் அவதாரமும் இந்த அவதாரமும் ஒண்ணாப்பா என்று. இறங்குவதுதான்டா ரெண்டும் என்றேன். மூடியைத் திறக்கும் வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் போனான்.